புற்றுநோய் ஆராய்ச்சியும் பொதுப் பணமும்

ஒரு குடியானவன் விதை வாங்கக் கடன் கேட்டுப் போனால், “முதலில் விளைந்த நெல்லைக் கொண்டுவந்து காட்டு, பிறகு விதைக்குப் பணம் தருகிறேன்” என்று எந்த லேவாதேவிக்காரனும் சொல்லமாட்டான். சொன்னால் ஊரார் அவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். ஆனால் பெரிய பட்டங்கள் பெற்றவர்கள் கூடி உட்கார்ந்து, வருஷந்தோறும் லட்சக்கணக்கான மக்களைக் கொல்லும் ஒரு வியாதியின் ஆராய்ச்சிக்கு மானியம் வழங்கும் இடங்களில் ஏறக்குறைய இதுதான் நடந்து வருகின்றது. புற்றுநோயைப் பற்றி ஒருவருக்குப் புதிதாக ஒரு யோசனை தோன்றி, அதைப் பரீட்சித்துப் பார்க்க விண்ணப்பம் போட்டால், “இது பலிக்கும் என்பதற்கு நீ ஏற்கனவே செய்து பார்த்த ருஜு எங்கே?” என்று கமிட்டி கேட்கின்றது. ருஜு கையில் இருந்தால் அவருக்கு மானியம் அவ்வளவு அவசியமில்லை. மானியம் இல்லாவிட்டாலோ ருஜு கிடைக்க வழியில்லை. நீந்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் தண்ணீரில் இறங்க அனுமதி என்றால், யார்தான் நீந்தக் கற்பார்கள் என்று கேட்கின்றோம்.

இது டாக்டர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று சில வாசகர்கள் நினைக்கலாம். அப்படி நினைப்பது தப்பு என்பது நமது அபிப்பிராயம். 2022ம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சுமார் 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டது. சுமார் 97 லட்சம் பேர் அதனால் மாண்டார்கள். இந்தியாவில் மாண்டவர்கள் சுமார் 9 லட்சம். இவர்களில் பணக்காரனும் உண்டு, கூலிக்காரனும் உண்டு. இதன் ஆராய்ச்சிக்குச் செலவாகும் பணமோ பெரும்பாலும் பொதுஜனங்கள் கொடுத்த வரிப் பணமும் நன்கொடைப் பணமும் ஆகும். நோயும் நம்முடையது, பணமும் நம்முடையது என்கிறபோது, அதை எப்படிக் கொடுப்பது என்று யோசிக்க நமக்குப் பாத்தியதை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஒரு யோசனை முளையாக இருக்கும்போது அதன் யோக்கியதை யாருக்கும் தெரிவதில்லை என்பதற்கு ஒரு சரித்திரம் சொல்லுகின்றோம். 1911ம் வருஷத்தில் நியூயார்க்கில் பெய்டன் ரவுஸ் என்னும் டாக்டர், ஒரு கோழியின் உடம்பில் வளர்ந்த புற்றுக் கட்டியை அரைத்து, உயிரணு எதுவும் கடந்து வரமுடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிக்குள் செலுத்தினார். அந்தக் கோழிக்கும் கட்டி வந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி புற்றை உண்டாக்குகின்றது என்பது அதன் பொருள். அக்காலத்து நிபுணர்களில் அநேகர் அதை நம்பவில்லை. கோழிக்கு வந்தால் மனிதனுக்கென்ன என்றார்கள். அவரும் சில வருஷங்களில் அந்த வேலையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். அதே வேலைக்காக 1966ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 87. அந்தக் கோழிக் கிருமியைப் பிடித்துக்கொண்டு போன பிஷப், வார்மஸ் என்ற இருவரும் அவர்களுடைய கூட்டாளிகளும், புற்றை மூட்டும் அந்தக் கிருமியின் மரபணு ஆரோக்கியமான உயிரணுவுக்குள்ளேயே வேறு உருவில் இருக்கின்றது என்று 1976ல் காட்டினார்கள். அதற்கு 1989ல் நோபல் பரிசு. ஒருவகை ரத்தப் புற்றுநோயைக் கட்டுப்படுத்தி வைக்கும் இமாடினிப் என்ற மாத்திரை 2001ல் கடைக்கு வந்ததும் இந்த அறிவின் வழியாகத்தான். முதல் கோழிக்கும் அந்த மாத்திரைக்கும் நடுவே 90 வருஷங்கள். 1911ல் ஒரு கமிட்டி, “இதனால் எந்த நோயாளிக்கு எப்போது சுகமாகும்?” என்று கேட்டிருந்தால் ரவுஸ் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

நிற்க, இந்த வேலை ஒருவரால் ஆகக்கூடியதல்ல என்பதையும் கவனிக்கவேண்டும். இதற்கு நமது நாட்டோடு சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கின்றது.

1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டர் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகளான ஏழைப் பெண்கள், முக்கியமாகத் துணி மில் தொழிலாளிகள், ரத்தம் வெளிறிச் சாவதற்குக் காரணம் என்ன என்று பார்ப்பது அவர் வேலை. இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என்ற ஸ்தாபனம் நடத்திய பிரசவ மரண விசாரணையின் கீழ் அது நடந்தது. அதே சங்கம்தான் 1949ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்று பெயர் மாறியது. லூசி வில்ஸ் பம்பாயில் மாத்திரமல்லாமல் குன்னூரிலும் சென்னையிலும் வேலை செய்தார். ஈஸ்ட் என்னும் நொதியின் சத்தை, அதாவது கடையில் விற்கும் மலிவான மார்மைட்டைக் கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று 1931ல் எழுதினார். அதில் இருந்த பொருள் இன்னதென்று அவருக்குத் தெரியாது. பிற்பாடு அது போலிக் அமிலம் என்று கண்டார்கள்.

அந்தப் போலிக் அமிலத்தை 1945ல் ஆராய்ச்சிசாலையில் உண்டாக்கிய அமெரிக்கக் கூட்டத்திற்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இவர் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவுக்குப் போய் ஆஸ்பத்திரியில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்து வயிறு வளர்த்தவர். பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி பார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இந்தச் சரக்கைச் சேர்ந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, அதிகப்பட்டது போலத் தோன்றிற்று. சாதாரணக் கணக்குப்படி அது படுதோல்வி. ஆனால் அவர், “இந்தச் சத்து நோயை வளர்க்குமானால், இந்தச் சத்தைத் தடுப்பது நோயைத் தடுக்கவேண்டுமே” என்று யோசித்தார். சுப்பாராவின் கூட்டத்தார் தடுக்கும் மருந்தைச் செய்து அனுப்பினார்கள். 1948ல் பார்பர் வெளியிட்ட அறிக்கையில், மருந்து கொடுத்த 16 குழந்தைகளில் 10 குழந்தைகளுக்குக் குணம் தெரிந்தது என்று கண்டிருந்தது. அந்தக் குணமும் கொஞ்ச காலத்திற்குத்தான். ஆனாலும் அதற்கு முன் அந்த நோயை மருந்து கொடுத்து அவ்வளவு தூரம் தணித்தவர் ஒருவருமில்லை. அந்த வருஷமே சுப்பாராவ் 53ம் வயதில் இறந்துபோனார்.

பம்பாய் மில்காரப் பெண்ணின் ரத்தச் சோகையைப் பார்க்கக் கொடுத்த பணம், பாஸ்டன் குழந்தையின் புற்றுநோய்க்கு வழி காட்டுமென்று 1928ல் எந்த ஜோசியன் சொல்லியிருப்பான்? ரத்தத்தைப் பார்த்தவர் ஒருவர். ரசாயனம் செய்தவர் ஒருவர். நோயாளியின் பக்கத்தில் நின்றவர் ஒருவர். இவர்களில் ஒருவர் தமக்குத் தெரிந்ததைப் பூட்டி வைத்திருந்தாலும் காரியம் அங்கேயே நின்றிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததும் கூட்டு முயற்சிதான். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் ஒரு ஆஸ்பத்திரிக்கு வருஷத்தில் சில பேருக்குமேல் வராது. எந்த மருந்து உயர்ந்தது என்று நாலு பேரை வைத்துக்கொண்டு தீர்மானிக்க முடியாது. ஆகவே 1950களின் மத்தியில் அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பல ஒன்று சேர்ந்து, ஒரே முறையில் வைத்தியம் செய்து, கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கின. 1955ல் அமெரிக்கச் சட்டசபை புற்றுநோய் மருந்துகளைத் தேடும் காரியத்திற்காக 50 லட்சம் டாலர் ஒதுக்கிற்று. பொதுஜனங்களும் சும்மா இருக்கவில்லை. 1948ல், நோயில் படுத்திருந்த 12 வயதுப் பையன் ஒருவனை ஜிம்மி என்று பெயர் மாற்றி ரேடியோவில் பேசவைத்து நிதி கேட்டபோது, அந்த வருஷத்தில் 2 லட்சத்து 31 ஆயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஒரு காலத்தில் சில மாதங்களில் சாவு என்றிருந்த அந்த வியாதியில், இன்று பணக்கார நாடுகளில் 100 குழந்தைகளுக்குச் சுமார் 90 குழந்தைகள் பிழைக்கின்றன. இது யாருடைய அருளாலும் வந்ததல்ல. சந்தேகப்பட்டு, செய்து பார்த்து, தோற்று, தோற்றதை ஒளிக்காமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதால் வந்தது.

நமது நாட்டிலும் இந்தப் புத்தி அறவே இல்லாமற் போய்விடவில்லை. 1931ல் மெஹர்பாய் டாட்டா என்ற அம்மையார் ரத்தப் புற்றுநோயால் இறந்தபின், அவர் கணவர் தொராப்ஜி டாட்டா 1932ல் அவர் பெயரால் ஒரு தர்ம நிதி வைத்தார். அதன் வருமானத்தில் பெரும் பாகம், தேச வித்தியாசம் பாராமல் உலகத்தில் எங்கே அந்த நோயை ஆராய்ந்தாலும் கொடுப்பதற்கென்று ஒதுக்கப்பட்டது. அந்த நோயைக் குணமாக்கும் மருந்து ஒன்றுகூட இல்லாத காலத்தில் கொடுத்த பணம் அது.

ஆனால் இன்றைய மொத்த நிலைமை திருப்திகரமானதல்ல. அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவர் தமது சொந்தப் பெயரில் முதல் பெரிய மானியம் பெறும்போது சராசரியாக 40 வயதைத் தாண்டிவிடுகிறார். துணிந்து யோசிக்கும் வயதெல்லாம் பிறர் யோசனைக்குக் கூலி வேலை செய்வதில் கழிகின்றது. 2025ல் அங்கு ஆட்சி மாறியதும், நடந்துகொண்டிருந்த ஆராய்ச்சி மானியங்கள் பல நடுவிலே நிறுத்தப்பட்டு, நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகும்படி ஆயிற்று. இந்தியாவிலோ எல்லா ஆராய்ச்சிக்குமாகச் செலவாகும் தொகை, தேசத்தின் மொத்த உற்பத்தியில் 100க்கு ஒரு பங்குகூட இல்லை. 2020-21ல் அது 0.64 தான்.

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபனைகள் முக்கியமாக இரண்டு. முதலாவது, “படுக்கைக்கும் மருந்துக்கும் வழியில்லாத ஏழை நாட்டுக்கு ஆராய்ச்சி எதற்கு?” என்பது. ஏழை நாட்டுக்குத்தான் ஆராய்ச்சி அதிகம் வேண்டும் என்கின்றோம். பணக்காரனுக்காகக் கண்டுபிடித்த வைத்தியம் ஏழைக்கு எட்டாது; ஏழைக்கு எட்டும் வைத்தியத்தை ஏழை இருக்கும் இடத்தில்தான் தேடவேண்டும். திண்டுக்கல் ஜில்லா கிராமங்களில் 2000ம் வருஷம் தொடங்கி நடந்த ஒரு பரீட்சையைப் பாருங்கள். அம்பிளிக்கை, கோயமுத்தூர், அடையாறு இவ்விடங்களின் டாக்டர்களும், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரத்திலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனமும் கூடி, வெளிநாட்டு நன்கொடைப் பணத்தைக் கொண்டு நடத்தியது அது. பெண்களின் கர்ப்பப்பை வாயில், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீர் கலந்து தடவி, வெளுப்புக் காண்கிறதா என்று பயிற்சி பெற்ற நர்ஸ் கண்ணால் பார்ப்பதுதான் சோதனை. பெரிய யந்திரம் ஒன்றும் கிடையாது. இப்படிச் சோதித்து, கண்ட கோளாறுக்கு வைத்தியமும் செய்த ஊர்களில், செய்யாத ஊர்களைவிட அந்தப் புற்றுநோய் 100க்கு 25 பங்கும், அதனால் வரும் சாவு 100க்கு 35 பங்கும் குறைந்ததாக 2007ல் வெளியிட்டார்கள். இதைக் கண்டறியக் கொடுத்த பணம் வீண் என்று அந்தக் கிராமத்துப் பெண்களிடம் போய்ச் சொல்ல யாருக்குத் துணிவுண்டு?

இரண்டாவது ஆட்சேபனை, “பலன் கேட்காமல் கொடுத்தால் பணத்தைத் தின்றுவிடுவார்கள்” என்பது. தின்பவர்கள் எங்கும் உண்டு. ஆனால் கணக்குக் கேட்பது வேறு, பலன் கேட்பது வேறு. வாங்கிய பணத்தில் என்ன செய்தாய், எத்தனை முறை செய்தாய், என்ன கண்டாய், எங்கே தவறினாய் என்று கேட்கவேண்டும். காசுக்குக் காசு கேட்கவேண்டும். இன்ன தேதிக்குள் இன்ன மருந்து வருமென்று எழுதிக் கொடு என்று மாத்திரம் கேட்கக்கூடாது. அப்படிக் கேட்டால் யோக்கியன் வாயடைத்து நிற்பான்; புரட்டன் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்தோடு போவான்.

வேடிக்கை என்னவென்றால், ஆராய்ச்சிக்காரனிடம் இவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசும் நமது ஜனங்கள், அதே வியாதிக்காக நேர்ந்துகொண்டு உண்டியலில் போடும் பணத்திற்குக் கணக்கும் கேட்பதில்லை, பலனும் கேட்பதில்லை. வியாதி தீர்ந்தால் சாமி செயல், தீராவிட்டால் தலைவிதி. தோல்வியை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ளுகிறவனுக்குச் சல்லிக்காசு இல்லை. தோல்வியே கிடையாது என்பவனுக்கு மூட்டை மூட்டையாகக் காணிக்கை!

ஆகவே நாம் கேட்பது இதுதான். சர்க்காரும், தர்ம நிதிகளும், புற்றுநோய்க்கென்று வசூல் செய்யும் சங்கங்களும் தங்கள் பணத்தில் ஒரு நிச்சயமான பங்கை, இன்னும் ருஜுவாகாத புது யோசனைகளுக்கென்றே ஒதுக்கிவைக்க வேண்டும். ஒரு பெரிய மனிதருக்கு ஒரு பெருந்தொகை என்பதைவிட, இளைஞர் பலருக்குச் சிறு தொகை என்று முதலில் கொடுத்து, வேலையைப் பார்த்து மேலே கொடுக்க வேண்டும். வைத்தியரும் ரசாயனக்காரரும் கணக்கு நிபுணரும், பெரிய நகரத்து ஆஸ்பத்திரியும் ஜில்லா ஆஸ்பத்திரியும் சேர்ந்து கேட்கும் விண்ணப்பத்திற்கு முதலிடம் கொடுக்க வேண்டும். சேர்ந்து கண்ட விவரம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவேண்டும். பலிக்காத சோதனையையும் பலித்தது போலவே வெளியிடும்படி நிபந்தனை வேண்டும். கொடுப்பதாக ஒப்புக்கொண்ட தொகையை, மந்திரி மாறினாலும் மந்திரிசபை மாறினாலும், தவணை தவறாமல் கொடுக்கவேண்டும்.

2012ல் ஏற்பட்ட தேசியப் புற்றுநோய் வலையமைப்பு என்ற கூட்டில் இன்று இந்தியாவின் 300க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளும் ஸ்தாபனங்களும் சேர்ந்திருக்கின்றன. கூடி வேலை செய்வதற்கு ஆட்கள் தயார் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? இனி, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடத்திலும், நன்கொடை கேட்டு வருகிறவர்களிடத்திலும் நமது வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கவேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்: “இந்தப் பணத்தில், இன்னும் யாருக்கும் விடை தெரியாத கேள்விக்கு எவ்வளவு?” பதில் சொல்லத் தெரியாதவர்கள் தெரிந்துகொண்டு வரட்டும்.