சி.டி ஸ்கேன் எழுதித் தந்திருக்காங்களா? பழைய ஃபிலிமை மறந்துட்டுப் போகாதீங்க!

மதுரை கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரியைச் சுற்றி காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம்னு சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களின் மஞ்சப்பையில் சுருட்டிவைத்த எக்ஸ்ரே ஃபிலிம் எட்டிப்பார்க்கும். கதிர்வீச்சு பாதுகாப்பில் அந்த மஞ்சப்பைக்கும் பங்கு உண்டுன்னு சொன்னா நம்புவீங்களா?

கொரோனா இரண்டாம் அலை நேரம் ஞாபகம் இருக்கா? லேசான இருமலுக்கே நெஞ்சு சி.டி எடுக்க ஓடினோம். 2021 மே மாதம், அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா, 'ஒரு சி.டி என்பது 300, 400 எக்ஸ்ரேவுக்குச் சமம்' என்றார். இந்திய கதிரியக்க நிபுணர்கள் சங்கம் உடனே மறுத்தது. அது பழைய கணக்கு, இப்போதைய மெஷின்களில் கதிர்வீச்சு ரொம்பக் குறைவு என்றது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே என்பது 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. வழக்கமான நெஞ்சு சி.டி 5 முதல் 7 வரை. குறைந்த டோஸில் எடுத்தால் ஒன்றரைக்குள் முடிக்கலாம். எதுவுமே எடுக்காவிட்டாலும் மண், காற்று, வானம் வழியாக உலகில் ஒருவருக்கு ஆண்டுக்கு சராசரியாக 2.4 வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆக, தேவையான ஒரு ஸ்கேனுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை. எம்.ஆர்.ஐ, அல்ட்ராசவுண்டில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது.

சிக்கல் வேற இடத்துல இருக்கு. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்பது வரம்பு. எக்ஸ்ரே அறை ஊழியருக்கு ஐந்தாண்டு சராசரியாக ஆண்டுக்கு 20. எந்த ஒரு வருடத்திலும் 50-ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அதையே 30 என இறுக்கிவைத்திருக்கிறது. நோயாளிக்கு? வரம்பே கிடையாது. உயிரைக் காப்பாற்ற எத்தனை தேவையோ அத்தனை எடுக்கலாம் என்பதற்காக. நியாயம்தான். ஆனால், 'இது தேவையா' என்று டாக்டர் யோசிக்கும் அந்த ஒரு நிமிடம்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே பிரேக். போன மாதம் எடுத்த ஃபிலிம் மேஜைக்கு வரவில்லை என்றால், பிரேக் பிடிக்க ஆளில்லை.

ஊழியர் நிலைமை வேறு. நெஞ்சில் குத்தியிருக்கும் சின்ன பேட்ஜ் (டி.எல்.டி) அவர் வாங்கிய கதிர்வீச்சைச் சேர்த்துவைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போகும். ஈயக் கவசத்துக்கு உள்ளே அதை அணிய வேண்டும். மேஜை டிராயரில் கிடந்தால், அது அளப்பது டிராயரைத்தான்! ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் டாக்டர், நர்ஸுக்குத்தான் கவனம் அதிகம் தேவை. மெஷின் ஓடும்போது நோயாளியின் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அவர் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் இவர்கள் மேல் விழுகிறது. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் அது கால்வாசியாகிவிடும். ஓரடி பின்வாங்குவதே ஒரு கவசம்.

இதையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள்? மாநிலந்தோறும் கதிர்வீச்சு பாதுகாப்பு இயக்ககம் வேண்டும் என்று 2001-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012-ல் சி.ஏ.ஜி தணிக்கை செய்தபோது கேரளாவிலும் மிசோரமிலும் மட்டுமே இருந்தது. நாட்டின் 57,443 மருத்துவ எக்ஸ்ரே மையங்களில் 52,173 மையங்கள் பதிவே இல்லாமல் இயங்கியதாகவும் அந்த அறிக்கை சொன்னது. அதன் பிறகு 'இ-லோரா' என்ற ஆன்லைன் முறையில் லைசென்ஸ் தருகிறார்கள். அதனால் 'ஏ.இ.ஆர்.பி லைசென்ஸ் இருக்கா?' என்று ரிசப்ஷனில் தயங்காமல் கேளுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால்கூட, மெஷினில் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தையைப் பிடித்துக்கொள்ள உள்ளே கூப்பிட்டால், கர்ப்பிணி போக வேண்டாம். வேறு யார் போனாலும் ஈயக் கவசம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். கிளம்பும்போது ஃபிலிமோடு நிறுத்தாமல், படங்கள் பதிந்த சி.டி-யையும் (இது தட்டு சி.டி!) வாங்கி அதே மஞ்சப்பையில் போட்டுவையுங்கள். அடுத்த டாக்டர் கேட்பார். கேட்காவிட்டாலும் எடுத்து நீட்டுங்கள்.