காலில் கட்டாத கயிறு

இங்கிலாந்தில் பாட்ஸ்டோ என்ற ஊர் அருகே, 2013-ம் ஆண்டு மே மாதம், ஒரு குடும்பம் மோட்டார் படகில் உல்லாசமாகச் சென்றது. படகு சட்டென்று திரும்பியது. 6 பேரும் தண்ணீரில் விழுந்தனர்.

ஆள் இல்லாத படகு நிற்கவில்லை. வட்டமிட்டு வந்து அவர்கள் மீதே மோதியது! தந்தையும் 8 வயது மகளும் இறந்தார்கள்.

என்ஜினை நிறுத்தும் கயிறு அந்தப் படகில் இருந்தது. அதன் ஒரு முனை சுவிட்சில் இருக்கும். மறுமுனையை ஓட்டுபவர் காலில் மாட்டவேண்டும். அவர் விழுந்தால் கயிறு இழுபடும், என்ஜின் நின்றுவிடும். அன்று கயிறு மாட்டப்படவில்லை.

அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகள் பலவற்றில், வேகமாக ஓட்டும்போது இதை மாட்டவேண்டும் என்று 2021-ல் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் மாட்டவேண்டியது மனிதன் அல்லவா?

கயிறு படகில் இருந்தால் போதாது. காலில் இருக்கவேண்டும்!