ஓரியை விட்டுவிடுங்கள்

கொல்லிமலையில் நின்று ஒரு பிரபலம் படம் போட்டால் லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள், மலைக்கு அதைவிடப் பெரிய தொண்டு வேறென்ன என்று தன் கட்டுரையில் கேட்கிறார் நண்பர். அதோடு விட்டிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். "கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியும் புலவர்களைப் பாட வைத்துத்தானே பெயர் வாங்கினான்? அன்றைக்குப் பாட்டு, இன்றைக்கு ரீல்ஸ்" என்று ஒரு போடு போட்டிருக்கிறார்.

புறநானூற்றின் 152ஆம் பாட்டை ஒருமுறை புரட்டியிருந்தால் இதை எழுதக் கை கூசியிருக்கும். வன்பரணர் பாடியது அது. ஒரு வேட்டுவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என்று ஊடுருவிப் போய்க் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் தைக்கிறது. பார்த்து நிற்கும் பாணர்களுக்கு ஆள் யாரென்று தெரியாது. இசைத்துப் பாடி, கோவே என்று அழைக்கிறார்கள். அந்த வேட்டுவன்தான் ஓரி; அவனுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. பிறகு இறைச்சியும் கள்ளும் தந்து, தன் மலைப் பொன்னையும் மணிகளையும் அந்தக் காட்டு வழியிலேயே வாரிக் கொடுக்கிறான். அதே வன்பரணர் 150ஆம் பாட்டில் இன்னொரு வள்ளலான நள்ளியைக் காட்டுகிறார். ஆரத்தையும் கடகத்தையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, எந்த நாடு, யார் நீங்கள் என்று கேட்டால் நாடும் சொல்லவில்லை, பேரும் சொல்லவில்லை. அவன் நள்ளி என்று வேறு யாரோ சொல்லித்தான் புலவருக்கே தெரிகிறது.

புகழே வேண்டாமென்று ஓரி ஓடி ஒளிந்தான் என்று நான் சொல்லவரவில்லை. அவன் புகழ், அவனிடம் பரிசு வாங்கியவர்கள் வாயிலிருந்து வந்தது. நண்பர் கொண்டாடும் நட்சத்திரமோ தன் புகழைத் தானே எழுதி, தானே படம் பிடித்து, தானே பரப்புகிறார். மலைக்கு என்ன கொடுத்தார் என்று நண்பரின் கட்டுரையை இரண்டு தடவை படித்துத் தேடினேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்ததைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்து, பிரபலங்கள் தினைப் பொங்கலும் சாமைச் சோறும் படம் போட்டதால்தான் சிறுதானியத்துக்கு வாழ்வு வந்தது என்கிறார். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது ஆளாளுக்குத் தட்டைத் தூக்கிக் காட்டியது உண்மைதான். ஆனால் கொல்லிமலையில் சாமை ஏன் குறைந்தது? யாரும் பார்க்காததாலா? சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி கையில் காசு கொடுத்தது, சாமை கொடுக்கவில்லை. சாமையின் உமி லேசில் போகாது. விளைந்ததைச் சோறாக்க மலையாளிப் பழங்குடிப் பெண்கள் உலக்கை பிடித்து இடித்தாக வேண்டும். அந்த இடுப்பொடியும் வேலைக்குப் பயந்தே பல வீடுகள் ரேஷன் அரிசிக்கு மாறின. இந்த முடிச்சை அவிழ்க்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே உட்கார்ந்து வேலை செய்தது. ஊர்களில் விதை வங்கி வைத்தார்கள். உமி நீக்கும் சிறு இயந்திரங்களை மகளிர் சுய உதவிக் குழுக்கள் கையில் கொடுத்தார்கள். அரைத்ததைப் பொட்டலம் போட்டு விற்க வழி செய்தார்கள். விவசாயிகள் தங்களுக்கென்று கூட்டமைப்பு அமைத்துக்கொண்டார்கள். சாமைக்கு விலை கிடைப்பதும் உமி போவதும் லைக்கால் நடக்கும் காரியங்கள் அல்ல.

சுற்றுலா பெருகும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படம் ஓடியதும் கொடைக்கானல் குணா குகைக்குக் கூட்டம் எப்படி மொய்த்தது என்று பார்த்தோம். அதே ஆண்டு மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மலைகளில் கூட்டத்தைக் குறைக்க வழி தேடுகிறார்கள். கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவிக்குக் கூட்டம் சேர்ப்பதற்கு நண்பர் மாலை போடச் சொல்கிறார்.

பிரபலத்தின் நல்ல மனத்தைச் சந்தேகிக்கக் கூடாதாம். மனத்தை யார் பார்த்தார்கள்? கணக்கைப் பார்க்கலாம். 2019 பிப்ரவரியில் கோப்ராபோஸ்ட் என்ற செய்தித் தளம் நடத்திய ரகசியப் பதிவில் முப்பதுக்கும் மேற்பட்ட இந்தித் திரை, தொலைக்காட்சிப் பிரமுகர்கள் காசு கொடுத்தால் கட்சிக்கு ஆதரவாகத் தங்கள் பக்கத்தில் எழுதச் சம்மதித்தது வெளியானது. அத்தனையும் சொந்தக் கருத்துப் போலவே வர வேண்டும் என்பதுதான் பேரம். பணமோ இலவசமோ பெற்றுப் போடும் விளம்பரப் பதிவில் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று 2021இல் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலும், 2023 ஜனவரியில் ஒன்றிய அரசும் விதி போட்டது வேலையற்றுப் போயல்ல.

சமூக ஊடகமே ஆகாது என்பவன் என்று என்னை ஒதுக்கிவிட நண்பருக்கு ஆசை இருக்கலாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நடிகர் சித்தார்த்தும் ஆர்.ஜே. பாலாஜியும் அதே ட்விட்டரைத்தான் வைத்துக்கொண்டு எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார்கள், எங்கே சாப்பாடு போய்ச் சேரவில்லை என்று ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிவுகளில் அவர்கள் முகத்தைவிட மற்றவர்களின் முகவரிகள்தான் அதிகம். சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை இன்றும் மாணவர்களைப் படிக்கவைக்கிறது. அவருடைய 'ஜெய் பீம்' படம் வந்தபோது இருளர் மாணவர்களின் கல்விக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்ததும் விளம்பரத்தோடுதான் நடந்தது. நடக்கட்டுமே! பணம் யாருக்குப் போனது, எதற்குச் செலவானது என்று பின்னால் போய்க் கேட்க அங்கே ஒரு கதவு இருக்கிறது. அருவிக்கு முன்னால் கை விரித்து நிற்கும் படத்தில் எந்தக் கதவைத் தட்டுவது?

அக்டோபர் 2 அன்று கொல்லிமலை ஊராட்சிகளில் கிராம சபை கூடும். சாலை, தண்ணீர், பட்டா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். நண்பரின் நட்சத்திரம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து முழுதாகக் கேட்கட்டும். அங்கே எழுந்த ஒரு கோரிக்கையையாவது தன் பக்கத்தில் போட்டு, ஆறு மாதம் கழித்து அது என்ன ஆயிற்று என்று அதே பக்கத்தில் ஆட்சியரைக் கேட்கட்டும். அதற்குப் பிறகு ரீல்ஸுக்கும் தொண்டுக்கும் உள்ள உறவைப் பற்றி நண்பரோடு பேச நான் தயார். ஓரியை மட்டும் அதற்குள் இழுக்க வேண்டாம்.