காந்தல் குருசடி, சிசெஸ்டர் சிலுவை: ஊர் நடுவில் இருக்கும் சின்னத்தைக் காப்பது யார்?

ஊட்டி காந்தலில் உள்ள குருசடி திருத்தலத்துக்கு, மே மாதத் திருவிழாவின்போது பல ஊர்களில் இருந்தும் மக்கள் வருகிறார்கள். இயேசு அறையப்பட்ட சிலுவையின் சிறு துண்டு இங்கே இருப்பதாக நம்பிக்கை. மக்களுக்கு முக்கியமான இடம்தான். ஆனா, இது மாதிரி இடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்குமா?

இங்கிலாந்தில் எப்படி?

இடைக்கால ஐரோப்பாவில் சந்தை கூடும் இடத்தில் சிலுவை நிற்கும். இங்கே வியாபாரம் நேர்மையாக நடக்கணும் என்பதற்கான அடையாளம் அது. சிசெஸ்டர் நகரில் 1501-ல் பிஷப் எட்வர்ட் ஸ்டோரி கட்டிய சந்தைச் சிலுவை, எட்டுப் பக்கம் கொண்ட கல் மண்டபம். ஏழை வியாபாரிகள் சுங்கம் கட்டாமல் அதன் நிழலில் விற்கலாம். 1808-ல் சந்தைக்குத் தனிக் கட்டடம் வந்துவிட்டது. சிலுவை மட்டும் இன்னும் நாற்சந்தியில் நிற்கிறது. முதல் தரப் பட்டியலில் இருப்பதால், முன் அனுமதி வாங்காமல் அதன் தோற்றத்தை மாற்ற முடியாது.

அங்கே இப்படிப் பட்டியலில் இருப்பவை 3.7 லட்சத்துக்கும் மேல். புழங்கலாம், பழுது பார்க்கலாம். இஷ்டத்துக்கு இடிக்க முடியாது. அவ்வளவுதான் விதி.

இந்தியாவில் என்ன சிக்கல்?

1958-ம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, ஒரு சின்னத்துக்குக் குறைந்தது 100 வயது ஆகியிருக்கணும். அரசும் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கணும். அறிவித்தால், சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். காந்தல் போல வீடுகள் நெருக்கமான பகுதியில் இதை யார் கேட்பார்கள்? சின்னம் பிழைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுக்க முடியாது. அதனால், 'பட்டியலே வேண்டாம்' என்று ஊரே சொல்லும் நிலைமை வருகிறது.

பட்டியலில் இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளவை 3,600-க்கும் மேல். அவற்றில் 92 சின்னங்களைக் காணவில்லை என 2013-ல் சிஏஜி அறிக்கை சொன்னது.

நடுவழி இருக்கா?

இருக்கு. கட்டடங்களையும் பகுதிகளையும் பாரம்பரியச் சின்னங்களாக அடையாளம் காண, தமிழ்நாடு அரசு 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. அது 2024-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நூறு மீட்டர் தடை போடாமல், சின்னத்தின் தோற்றத்தை மட்டும் காக்கும் பட்டியல் இதன் வழியே உருவானால், காந்தல் மாதிரி ஊர்கள் பயப்படத் தேவையில்லை.

அதுவரை பொறுப்பு ஊர்க்காரர்களுடையது. பழைய போட்டோ, நில ஆவணம், கட்டட அளவு ஆகியவற்றை இப்போதே திரட்டி வைக்கலாம். நாளைக்கு எந்தப் பட்டியல் வந்தாலும் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.