பிராதை வாபஸ் வாங்கலாமா?

பள்ளிக்கூட உபாத்தியாயருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதோடு வேலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து பார்க்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மனு, மின்சாரக் கட்டணம் அதிகமென்று மனு, பிரான்ஸிலிருந்து வரும் பென்ஷன் நின்றுவிட்டதென்று மனு - எல்லாம் என் வீட்டுத் திண்ணையில்தான் உற்பத்தியாகின்றன. சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்தது கொஞ்சம் வேறு மாதிரியான மனு.

என்னிடம் எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாயார் வந்து நின்றாள். இடது கையில் மாவுக் கட்டு. கூடவே அவளுடைய மூத்தாரும் வந்திருந்தார். வீட்டு வாசலில் யார் கடை போடுவது என்பதில் தகராறு; மூத்தாரின் மகன் பிடித்துத் தள்ளியதில் அந்த அம்மாளின் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. போலீஸில் பிராது கொடுத்து, வழக்கும் பதிவாகிவிட்டது.

"வாத்தியாரையா, கேஸை வாபஸ் வாங்கிக்கொள்வதாக இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொண்டோம்" என்றார் மூத்தார். அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை.

இரண்டு வரியில் வழக்கு மறைந்துவிடும் என்றுதான் நம் ஜனங்களில் அநேகர் எண்ணுகிறார்கள். பிராது கொடுத்தவள் அவள். திருப்பி எடுத்துக்கொள்கிறவளும் அவளே. நடுவில் சர்க்காருக்கு என்ன வேலை? கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. கடன் பத்திர வழக்காக இருந்தால் அது சரியும்கூட. ஆனால் அடிதடியில் வழக்கை நடத்தும் கட்சி அரசாங்கம். அடிபட்டவர் அதில் முக்கியமான சாட்சி. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு, "போகட்டும்" என்று அதைக் கிழித்துப் போடப் போலீஸ் ஸ்டேஷனில் எவருக்கும் அதிகாரம் கிடையாது.

திண்ணையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த எங்கள் தெரு சொல்தா தாத்தா, "பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் ஏது?" என்றார். புதுச்சேரியில் எந்த விஷயத்துக்கும் இந்த வாக்கியம் தயாராக இருக்கும்! உண்மை வேறு. 1808ஆம் வருஷத்திய பிரெஞ்சுக் குற்ற விசாரணைச் சட்டத்தின் 4ஆவது ஷரத்து என்ன சொல்லிற்று? பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்கும் உரிமையைக் கைவிட்டாலும், பொதுஜனத்தின் பெயரால் நடக்கும் குற்ற வழக்கு அதனால் நிற்காது என்பதுதான். இன்றைய பிரெஞ்சுச் சட்டத்திலும் சில விலக்குகளோடு அதே விதி இருக்கிறது. 1954 நவம்பர் 1ந் தேதி இங்கே நிர்வாகம் கை மாறியது. 1963இல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது. கொடி மாறியபோதும் இந்தக் கொள்கை மாறவில்லை.

ஆனால் நமது சட்டம் முழுக்கக் கல் நெஞ்சு படைத்ததல்ல. கோர்ட்டு பாஷையில் 'ராஜி' என்று ஒன்று உண்டு. 1973ஆம் வருஷத்துக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 320ஆவது பிரிவில் இருந்த அட்டவணை, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்தில் 359ஆவது பிரிவாகியிருக்கிறது. சாதாரணக் காயம், வழிமறித்தல், அத்துமீறி நுழைதல், திருட்டு போன்றவற்றைப் பாதிக்கப்பட்டவரே ராஜி செய்துகொள்ளலாம். ஏமாற்றிச் சொத்தைப் பறித்தல், எலும்பு முறியும்படியான கொடுங்காயம் முதலியவற்றுக்குக் கோர்ட்டின் அனுமதியும் வேண்டும். ராஜி நிறைவேறினால் எதிரி விடுதலையானதாகவே அர்த்தம். அட்டவணையில் இல்லாத குற்றத்தை மாஜிஸ்திரேட் நினைத்தாலும் ராஜி செய்ய முடியாது.

சர்க்கார் வக்கீல் வழக்கைக் கைவிட விரும்பினால் அவருக்கும் கோர்ட்டின் சம்மதம் தேவை. கேரளச் சட்டசபையில் 2015இல் நடந்த ரகளை வழக்கைக் கைவிட அந்த ராஜ்ய சர்க்காரே கேட்டும் ஸுப்ரீம் கோர்ட் 2021இல் மறுத்துவிட்டது. இப்போது புதிய சட்டத்தின் 360ஆவது பிரிவு, பாதிக்கப்பட்டவரின் பேச்சைக் கேட்காமல் அப்படிக் கைவிட அனுமதிக்கக்கூடாதென்றும் சேர்த்துச் சொல்கிறது. நல்ல திருத்தம்.

அட்டவணைக்கு வெளியே ஒரு வாசல் ஹைகோர்ட்டில் இருக்கிறது. கியான் சிங் வழக்கில் 2012இல் ஸுப்ரீம் கோர்ட் அதன் அளவைச் சொல்லிற்று: பண விவகாரம், குடும்பத் தகராறு போன்று தனிமனிதர்களுக்குள் அடங்கிய சச்சரவில் இரு கட்சியும் உண்மையாகவே சமாதானமாகியிருந்தால் ஹைகோர்ட் வழக்கை ரத்து செய்யலாம், கொலை, கொள்ளை, பலாத்காரம் போன்றவற்றில் சமாதானம் செல்லாது.

இந்த எல்லைக் கோடு எதற்கு என்று கேட்பவர்கள், தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்து நம் பக்கத்து ஊரான கடலூர் வரை போனால் போதும். அங்கே மகளிர் கோர்ட்டில், மைனர் பெண் ஒருத்தியைக் கெடுத்த குற்றத்துக்காக ஒருவனுக்கு ஏழு வருஷ தண்டனை விதிக்கப்பட்டது. அப்பீலில், 2015 ஜூன் மாதம், சென்னை ஹைகோர்ட் நீதிபதி பி. தேவதாஸ் அந்த வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பி, பேச்சுவார்த்தைக்கு வசதியாகக் குற்றவாளிக்கு ஜாமீனும் கொடுத்தார். நல்லெண்ணத்தோடுதான் செய்திருப்பார், அந்தப் பெண்ணுக்கு ஒரு குழந்தையும் இருந்தது. ஆனால் யாருக்கு நன்மையென்று இது செய்யப்பட்டதோ அவளே, அவனோடு பேச விருப்பமில்லை என்று சொல்லிவிட்டாள். சில தினங்களுக்குள், ஜூலை 1ந் தேதி, மத்தியப் பிரதேசத்து வழக்கொன்றில் ஸுப்ரீம் கோர்ட், பலாத்கார வழக்கில் சமரசம் என்ற நினைப்புக்கே இடமில்லை என்று கண்டிப்பாகக் கூறிற்று. அந்த மாதமே சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது.

உபாத்தியாயன் என்ற முறையில் என்னைத் தலைகுனிய வைத்த வழக்கு இன்னொன்று. ராஜஸ்தானத்தில் 2022இல் ஒரு பள்ளி உபாத்தியாயர் மாணவியிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் பிராது. மாணவியின் தகப்பனாரும் உபாத்தியாயரும் 'தவறான எண்ணத்தில் கொடுத்துவிட்டது' என்று சமாதானப் பத்திரம் எழுத, ஹைகோர்ட் அதை ஏற்று வழக்கையே ரத்து செய்தது. ஊரார் சிலர் விடாமல் டில்லிக்குப் போனார்கள். 2024 நவம்பர் 7ந் தேதி ஸுப்ரீம் கோர்ட் அந்த ரத்தை ரத்து செய்தது. சமாதானம் செய்தது யாருக்கும் யாருக்கும்? தகப்பனுக்கும் வாத்தியாருக்கும். வகுப்பில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த பெண்ணை எவர் கேட்டார்?

வழக்கைத் திரும்பப் பெறும் உரிமை முழுவதையும் பாதிக்கப்பட்டவர் கையிலேயே கொடுத்துவிடலாமே என்று வாதிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. கேட்க உதாரமாக இருக்கிறது. ஆனால் அந்த உரிமை எளியவர் கையில் இருக்கிறதென்று தெரிந்தால், வலியவர் அந்தக் கையைத்தான் முறுக்குவார். "என்னால் முடியாது, அது சர்க்கார் வழக்கு" என்று சொல்ல ஒரு சாக்கு இருப்பது பல வீடுகளில் பெண்களுக்குப் பெரிய கவசம். வழக்கு நிற்காதென்று கண்டதும், சாட்சிக் கூண்டில் மாற்றிச் சொல்லச் சொல்லிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது ராஜி அல்ல. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது. அதற்குத் தனித் தண்டனை உண்டு, அதை அனுபவிப்பது சொல்லிக் கொடுத்தவர் அல்லர்.

மூத்தாரிடம் இத்தனையும் சொல்லவில்லை. "எலும்பு முறிவு என்பதால் கோர்ட்டின் அனுமதி வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னால் இந்த அம்மாளே வந்து, தன் வாயால் சொல்ல வேண்டும். நான் எழுதும் இரண்டு வரி உதவாது" என்றேன். "அவள் சொல்லுவாள்" என்றார் அவர்.

"அவரே சொல்லட்டும்" என்று பேச்சை முடித்து அனுப்பினேன். மாதர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற டெலிபோன் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி, மறுநாள் வகுப்பில் பெண்ணின் கையில் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அந்த அம்மாள் மகளோடு மட்டும் வந்தாள். திண்ணையில் உட்காரவில்லை. "மாஜிஸ்திரேட் கேட்கும்போது அவர்களும் பக்கத்தில் நிற்பார்களா ஐயா?" என்றாள்.

"தனியாகச் சொல்ல வேண்டுமென்று வக்கீல் மூலம் கேட்டுக்கொள்ளலாம் அம்மா" என்றேன். நாளைக் காலை அவளை அந்த வக்கீலிடம் அழைத்துப் போகிறேன். ராஜிக்குத்தானா, வேறெதற்கா என்று நான் கேட்கவில்லை.