லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்



காலையில் விசில் சத்தம் கேட்டதும் குப்பையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கைவண்டி தெருமுனையைத் தாண்டியதும் அதை மறந்துவிடுகிறோம். அந்த வண்டி போய்ச் சேரும் கம்பாக்டர் நிலையத்தை எங்களில் சிலர் அண்மையில் நேரில் போய்ப் பார்த்தோம்.

தெருவோரம் திறந்து கிடந்த பழைய ‘வ்யாட்’ குப்பைத் தொட்டிகளுக்குப் பதிலாகக் கொல்கத்தா மாநகராட்சி அமைத்தவை இந்த நிலையங்கள். இயந்திரம் குப்பையை இரும்புப் பெட்டிக்குள் தள்ளி நெருக்குகிறது. நிறைந்த பெட்டியை லாரி தாபா குப்பைக் கிடங்குக்கு ஏற்றிச் செல்கிறது. காக்கையும் நாயும் கிளறுவது குறைந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஒருமுறை நெருக்கிவிட்டால் எதையும் பிரிக்க முடியாது. சாம்பார் ஊறிய செய்தித்தாளைப் பழைய பேப்பர்காரர்கூடத் தொடமாட்டார். பிரிக்க வேண்டிய இடம் நம் அடுக்களைதான்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரத்தின் குப்பையைத் தாங்குவது தாபா. மட்கிய குப்பையில் அங்கே காலிஃப்ளவர் விளைந்தது. நாமும் வாங்கிச் சமைத்தோம். இன்று அந்தக் குப்பை பிளாஸ்டிக் கலந்து மலையாக நிற்கிறது. அதை ஒட்டியே, 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலம். நகரத்தின் கழிவுநீரில் மீன் வளர்த்து நமக்கே திருப்பித் தரும் நிலம் அது.

வெள்ளிக்கிழமை பூஜைப் பூ, வாழையிலை, பில்டரில் தங்கிய காபிச் சக்கை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக முடிச்சுப் போடுகிறோம். மண்ணாக வேண்டியதை அந்த முடிச்சு கெடுத்துவிடுகிறது. இவற்றைப் பை இல்லாமல் பச்சைத் தொட்டியில் போடுங்கள். பால் கவர், பாட்டில், டப்பா, காகிதம் நீலத் தொட்டிக்கு. பால் கவரை அலசிப் போட ஒரு குவளைத் தண்ணீர் போதும்.

கண்ணாடித் துண்டு, பிளேடு, ஊசி ஆகியவற்றைத் தடித்த காகிதத்தில் சுற்றித் தனியாகக் கையில் கொடுங்கள். நாங்கள் பார்த்த தொழிலாளி ஒருவர் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார். யாரோ வீசிய பைக்குள் உடைந்த ஊறுகாய் பாட்டில் இருந்திருக்கிறது. நம் தெருவைச் சுத்தம் செய்கிற கை அது.

“நாம் பிரித்தாலும் அவர்கள் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்” என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி நடந்தால் வார்டு அலுவலகத்துக்கு எல்லோரும் சேர்ந்து போவோம். கலந்து கொடுத்துவிட்டு அங்கே போய்க் கேட்க நமக்கு வாய் ஏது?

வண்டி போன பிறகு பையைத் தெருமுனையில் வைக்காதீர்கள். ஆடி மழையில் சாக்கடை வாயை அடைப்பது அந்தப் பைதான். மறுநாள் வரை அது வீட்டிலேயே இருக்கட்டும்.

நாளைக் காலை விசில் கேட்டதும் இரண்டு தொட்டிகளோடு வாசலுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வசிக்கும் சில தமிழ்க் குடும்பத்தினர்