குடை பிடித்தவர் யாரு வே?

நாகர்கோவிலைச் சுற்றி எந்த ஊர் வாசகசாலைக்குள் நுழைந்தாலும் மூன்று விஷயங்கள் நிச்சயம். பேப்பரில் சினிமாப் பக்கம் இருக்காது. ஃபேன் சுற்றுவதைவிட முனகுவது அதிகமாக இருக்கும். சுவரில் சட்டம் போட்ட ஒரு பழைய குரூப் போட்டோ தொங்கும். அதன் அடியில் பெயர் எழுதிய அட்டையைப் பூச்சி படித்து முடித்திருக்கும். (வாசகசாலையில் ஒழுங்காகப் படிக்கிற ஒரே ஜீவன்!)

"யாரு அண்ணாச்சி இவங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அதெல்லாம் பழைய ஆளுக வே!"

அது தெரிகிறது. பெயர்? அதைச் சொல்லக்கூடிய ஒரே பாட்டா போன கார்த்திகையில் போய்ச் சேர்ந்திருப்பார்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் அல்ல. வாஷிங்டனில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் என்று பிரம்மாண்டமான நூலகம் ஒன்று இருக்கிறது. (கட்சிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) அவர்களிடமும் பெயர் தெரியாத படங்கள் மலை மலையாகக் குவிந்து கிடந்தன. 2008 ஜனவரியில் சுமார் 3,000 படங்களை ஃப்ளிக்கர் தளத்தில் போட்டு, "தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று உலகத்தையே கேட்டார்கள். வேலை வெட்டி உள்ளவர்களும் இல்லாதவர்களும் பழைய பேப்பர்களைத் தோண்டி, இவர் இன்னார், இது இன்ன ஊர் என்று எழுதித் தள்ளினார்கள். நூலகத்தார் சரிபார்த்து, அந்த ஆண்டிலேயே 500-க்கும் மேற்பட்ட பதிவுகளைத் திருத்திக்கொண்டார்கள். பிறகு பல நாட்டு நூலகங்களும் மியூசியங்களும் இதே வழியில் இறங்கின.

அமெரிக்காக்காரன் செய்தால் நாஞ்சில் நாட்டுக்காரன் சும்மா இருப்பானா? நான் கமிட்டியில் இருக்கும் வாசகசாலையில் நாற்பது படங்களை இறக்கி, துடைத்து, இணையத்தில் ஏற்றினோம். அதில் ஒன்று, 1956 நவம்பர் 1-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததைக் கொண்டாடிய ஊர்வலம். முன்வரிசையில் கறுப்புக் குடை பிடித்து ஒருவர்.

இரண்டே நாள். "அது எங்க பாட்டா" என்று பஹ்ரைனிலிருந்து ஒருவர். "அவர் எங்க பாட்டாவாக்கும், வேற ஆளைப் பாரும்" என்று தக்கலையிலிருந்து இன்னொருவர். மூன்றாம் நாள் சொத்துத் தகராறு ரேஞ்சுக்கு ஏறிவிட்டது.

செயலாளர் அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. "படத்தை எடுத்துருவோம் வே. ஏன் வம்பு?"

"எடுக்க வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டு பெயரையும் போடுவோம். யார் சொன்னது, என்னைக்குச் சொன்னதுன்னு கூடவே எழுதுவோம். உறுதியானா ஒண்ணை அடிப்போம்" என்றேன்.

சண்டையைத் தீர்க்க எண்பது வயது ஆச்சி ஒருத்தியைப் பேரன் கூட்டி வந்தான். ஆச்சி குடைக்காரரைக் கண்டுகொள்ளவே இல்லை. ஓரத்தில் சட்டையில்லாமல் நின்ற ஒரு பையன்மேல் விரலை வைத்தாள். "எங்க அண்ணன். மறு வருஷமே காய்ச்சல்ல போயிட்டான். வேற போட்டோவே கிடையாது மக்களே."

பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். குடைக்காரர் யாரென்று இன்றுவரை முடிவாகவில்லை. பரவாயில்லை.

* * *

உரிமை யாருக்கு என்று சட்டம் பேசுகிறவர்களுக்கு: பத்மநாபபுரம் அரண்மனையை நினைத்துக்கொள்ளுங்கள். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. போட்டோவும் அப்படித்தான். பிரிண்ட் உங்கள் பீரோவில் இருக்கலாம். காப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கு. காசு கொடுத்து எடுக்கச் சொன்னது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை கொடுத்தவருக்கு. 1957-ம் வருஷச் சட்டப்படி, 2012 திருத்தம்வரை படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம்; அதன் பிறகு, எடுத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். அதற்குள் ஏற்றுவதானால் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

விக்கிமீடியா காமன்ஸ் பக்கமும் போகலாம். 2011-12-ல் தமிழ் விக்கி அன்பர்கள் ஊடகப் போட்டியே நடத்திப் படம் சேர்த்தார்கள். அங்கே ஏற்றினால் யாரும் எடுத்தாளலாம், வியாபாரத்துக்கும்கூட. உங்கள் மாத்தூர் தொட்டிப்பாலம் ஏதாவது நகைக்கடைக் காலண்டரில் தொங்கினால், உங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க முடியும்!

அறக்கட்டளை, தொண்டு நிறுவனம் நடத்துகிற நண்பர்களுக்கு ஒன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம் கரை முழுக்க அடிவாங்கியது. மணக்குடிப் பாலமே போயிற்று. வீட்டோடு ஆல்பமும் போனவர்கள் ஏராளம். அப்படிப்பட்டவர்களுக்குப் பழைய படம் ஒன்று கிடைத்தால் அது நிவாரணம். அரிசிப்பையை நீட்டி, வாங்குகிறவர் முகத்தை குளோசப்பில் ஏற்றுவது நிவாரணம் இல்லை. கேட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை மூடுங்கள். குழந்தை என்றால் இரண்டு தடவை யோசியுங்கள்.

* * *

"ஆன்லைன்ல போட்டாச்சு, இனி கவலை இல்லை" என்று சட்டத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடப் புறப்பட்ட புண்ணியவான்களும் உண்டு. அவர்கள் கவனத்துக்கு: ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது. கூகுளின் பிக்காசா 2016-ல் போயிற்று. ஃப்ளிக்கர் 2018-ல் இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்று அறிவித்தது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூனிலிருந்து அளவு பார்க்க ஆரம்பித்துவிட்டது. இணையம் என்பது திண்ணை. பத்து பேர் பார்க்க நல்ல இடம். நகையைத் திண்ணையில் பூட்டி வைப்பார்களா? ஒரிஜினல் அலமாரியில் இருக்கட்டும். ஸ்கேன் பண்ணியது இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வீட்டில் இருக்கட்டும்.

சனிக்கிழமை ஆபீஸ் அரைநாளோடு முடிகிற தம்பிகளே, இது உங்கள் வேலை. சின்னப் படமானால் 600 டிபிஐ-யில் ஸ்கேன் பண்ணுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து; ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள்; பகல் வெளிச்சத்தில், பளபளப்பு விழாமல் அப்படியே எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், தேதி விவரமும் உதிரும்; டாகுமென்ட்டாக அனுப்புங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், ஊரில் மிச்சம் இருக்கிற பாட்டாவையும் ஆச்சியையும் உட்காரவைத்து, இடமிருந்து வலமாகப் பெயர் கேட்டு எழுதுங்கள். ஸ்கேனர் அடுத்த மாசமும் கிடைக்கும்.

அப்படியே உங்கள் போனில் இருக்கிற பதினேழாயிரம் படங்களில் பத்துக்காவது பெயர் எழுதி வையுங்கள். 2075-ல் ஒரு வாசகசாலையில் உங்களைக் காட்டி, "அதெல்லாம் பழைய ஆளுக வே" என்று சொல்லிவிடப் போகிறார்கள்!